தொட்டி ஜெரேனியம்: குச்சி நடும் நாள் முதல் சீசன் வரை

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர்ப் பயணிகள் விரும்பி வாங்கும் பூந்தொட்டிகளில் ஜெரேனியமும் ஒன்று. காரட், உருளைக்கிழங்கு, பூண்டு பயிரிடும் சிறு விவசாயிகள் வீட்டோரத்தில் ஒரு சென்ட் இடமும் மழை விழாத ஒரு கூரையும் இருந்தால் இதை உபதொழிலாகச் செய்யலாம். குச்சி நட்டால் வேர் பிடிக்கும் செடி இது. விதைச் செலவு இல்லை. வீட்டிலுள்ள பெண்களும் முதியவர்களும் கவனித்துக்கொள்ளக் கூடிய வேலைதான்.

ஆனால் அக்டோபரில் நூற்றுக்கணக்கில் நட்ட குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்துச் சாய்ந்து, ஏப்ரலில் விற்பனைக்குத் தேறுபவை சொற்பமே என்ற நிலை ஏற்படுவதும் உண்டு. தொட்டி, மண், எரு, ஆறு மாத உழைப்பு எல்லாம் வீணாகின்றன. இந்த இழப்புக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: நோயுள்ள தாய்ச்செடி, அமில மண், அளவுக்கு மிஞ்சிய நீர். இவற்றை மருந்து தெளித்துச் சரிசெய்ய முடியாது. முன்னதாகவே தவிர்ப்பதுதான் வழி.

செடியின் இயல்பு

தோட்டக்காரர்கள் ஜெரேனியம் என்று கூறும் செடி, தாவரவியலில் பெலார்கோனியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதையும் உண்மையான ஜெரேனியத்தையும் ஒரே பேரினமாக வைத்தார். 1789ஆம் ஆண்டில் லெரிட்டியே என்ற பிரெஞ்சு தாவரவியலார் இரண்டையும் பிரித்தார். பெயர் மட்டும் பழையபடியே மக்கள் வாயில் தங்கிவிட்டது.

இதன் தாயகம் தென்னாப்பிரிக்கா. அங்கே நீர் தேங்காத, பல மாதங்கள் வறண்டு கிடக்கும் நிலங்களில் வளர்ந்த செடிகளிலிருந்து வந்த இனம் என்பதால் தண்டு சதைப்பற்றுடன் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சலைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்தால் பராமரிப்பு முறைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

தொட்டிக்கு ஏற்றவை மூன்று வகை. இலையில் கரும்பழுப்பு வளையம் உள்ள வளைய ஜெரேனியம் நிமிர்ந்து வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும்; புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே உகந்தது. பளபளப்பான தடித்த இலையுடன் தொங்கிப் படரும் கொடி ஜெரேனியம் தொங்கு தொட்டிகளுக்கு ஏற்றது. பெரிய இதழ்களில் கருந்திட்டு உள்ள ரீகல் வகை மிக அழகானது. ஆனால் குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து இருந்தால்தான் மொட்டு வைக்கும். ஆகவே உதகை, கொடைக்கானல் போன்ற உயரத்தில் மட்டுமே அதை நம்பலாம். எண்ணெய் எடுப்பதற்காக இம்மலைகளில் வயலில் பயிரிடப்படும் வாசனை ஜெரேனியம் வேறு. அதன் மதிப்பு இலையில்தான், பூ சிறியது.

தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்தல்

சீசன் முடிந்ததும் வாடிப்போன தொட்டிகளை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கி வந்து குச்சி ஒடிப்பது பலருடைய வழக்கம். இழப்பு இங்கேதான் தொடங்குகிறது.

ஜெரேனியத்தைத் தாக்கும் நோய்களில் மிகக் கொடியது பாக்டீரியா வாடல் நோய். நோயுற்ற செடியின் இலையடியில் முதலில் நீர் கோத்தது போன்ற சிறு புள்ளிகள் தோன்றும். அல்லது இலை விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சளாகும். தொட்டியில் ஈரம் இருக்கும்போதே ஓரிரு கிளைகள் வாடித் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உட்புறம் பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கும். இதற்கு மருந்து கிடையாது. தாமிர மருந்துகள் இலையின் மேல் நோய் பரவுவதைச் சற்றுக் குறைக்கலாம். தண்டினுள் புகுந்த பாக்டீரியாவை அவை எட்டுவதில்லை. அத்தகைய செடியைத் தொட்டி மண்ணோடு அகற்றி எரிக்க வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது.

இதைவிட ஆபத்தானது வெளியே தெரியாத நோய். குளிர் மாதங்களில் இந்தப் பாக்டீரியா செடிக்குள் அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறும்போது வெளிப்படும். அதாவது குச்சி எடுக்கும் அக்டோபரில் பச்சையாக நின்ற செடி, விற்க வேண்டிய ஏப்ரலில் வாடுகிறது. கொடி ஜெரேனியம் நோயைச் சுமந்துகொண்டே நெடுநாள் நலமாகத் தோன்றக் கூடியது. அதை மேலே தொங்கவிட்டு, கீழே வளைய ஜெரேனியத் தொட்டிகளை அடுக்கினால், மேலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளி நீரும் நோயைக் கீழே இறக்கும். பார்வைக்கு அழகான இந்த அடுக்குமுறையை உற்பத்தி செய்யும் இடத்தில் கைக்கொள்ளவே கூடாது.

ஆகவே தாய்ச்செடிகள் சிலவானாலும் நம்பகமானவையாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய செடிகளை மற்றவற்றோடு சேர்க்காமல் கோடை மாதங்களில் இரண்டு மாதமாவது தனியே வைத்து வெப்பத்தில் எப்படி நிற்கின்றன என்று பார்த்த பிறகே குச்சி எடுக்கலாம். ஒரு செடி வாடினாலும் அதனுடன் வந்த செடிகள் எதிலும் குச்சி எடுக்கலாகாது. இந்நோய் விதை மூலம் பரவுவதாகத் தெரியவில்லை. ஆகையால் நல்ல தாய்ச்செடி கிடைக்காதவர்கள் முதல் ஆண்டில் வீரிய ஒட்டு விதை வாங்கி நாற்று விட்டு, அச்செடிகளையே தாய்ச்செடிகளாக வைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டுச் செடியில் விளையும் விதையை மறுபடி விதைத்தால் நிறமும் உயரமும் மாறிவிடும். குச்சி மூலமே பெருக்க வேண்டும்.

குச்சி எடுத்தலும் வேர் பிடிக்க வைத்தலும்

சீசன் விற்பனைக்கு அக்டோபர் மாதம் குச்சி எடுப்பது சரியான தருணம். பூ இல்லாத, நன்கு வெயில் பட்ட நுனிக் கிளைகளில் 3 முதல் 4 அங்குல நீளத்துக்கு எடுக்க வேண்டும். கத்தியை விடக் கையால் ஒடிப்பது நல்லது. கத்தி ஒரு செடியின் சாற்றை அடுத்த செடிக்குக் கொண்டு செல்லும். கத்திதான் பயன்படுத்துவது என்றால் இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு, ஒன்று ஸ்பிரிட்டில் ஊறும்போது மற்றொன்றால் வெட்டி, செடிக்குச் செடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு அமைய வேண்டும். அடி இலைகளையும் இலைக்காம்பின் அடியிலுள்ள செதில்களையும் நீக்கி, நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட வேண்டும். பிறகு குச்சிகளை நிழலில் செய்தித்தாளின் மேல் அரை நாள் பரப்பி வைத்தால் வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும். ஒடித்த உடனே ஈர மணலில் செருகுவோரின் குச்சிகளே அடியில் அழுகுகின்றன.

கழுவிய ஆற்று மணலில், அல்லது மணலும் தேங்காய் நார்க்கழிவும் சம அளவு கலந்த கலவையில், ஓர் அங்குல ஆழத்தில் நட வேண்டும். மற்றப் பூச்செடிக் குச்சிகளுக்குச் செய்வது போல் பாலித்தீன் தாளால் மூடிப் புழுங்க வைக்கக் கூடாது. காற்றோட்டமான, வெளிச்சமான நிழல் போதும். நட்டவுடன் ஒரு முறை நீர் விட்டு, மேல் மணல் உலர்ந்த பிறகே அடுத்த நீர். நான்கு வாரங்களில் வேர் வரும். குளிர் மிகுந்தால் ஆறு வாரம் ஆகலாம். வேர் வந்ததா என்று அடிக்கடி பிடுங்கிப் பார்க்க வேண்டாம். புதுத் துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று பொருள்.

அடித்தண்டு மைபோல் கறுத்து, ஈரமாக மேல்நோக்கி அழுகினால் அது கருந்தண்டு அழுகல். நீர் தேங்கும் மண்ணிலும் பழைய மணலிலும் இருக்கும் பித்தியம் பூசணத்தால் வருவது. கறுத்த குச்சியைச் சுற்றியுள்ள மணலோடு அள்ளி எறிய வேண்டும். ஓர் ஆண்டு பயன்படுத்திய மணலை மறு ஆண்டு குச்சிக்கு வைக்கலாகாது.

தொட்டி மண்

தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் அல்லது இலை மட்கு ஒரு பங்கு என்ற கலவை ஏற்றது. இதில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, மண்ணின் புளிப்பு. நீலகிரி, கொடைக்கானல் மண் பொதுவாக அமிலத்தன்மை மிகுந்தது. தேயிலைக்கு அது பொருந்தும். ஜெரேனியத்துக்குக் கார அமில நிலை 6க்கும் 6.5க்கும் இடையில் இருப்பது நல்லது. 5.5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரைந்து செடிக்குள் ஏறிவிடும். இவற்றை மிகுதியாக உறிஞ்சுவது ஜெரேனியத்தின் குணம். அப்போது கீழ் இலைகளின் விளிம்பில் துருநிறத்தில் நுண்புள்ளிகள் தோன்றி, விளிம்பு காய்ந்து சுருளும். சத்துப் பற்றாக்குறை என்று எண்ணி நுண்ணூட்டக் கலவை தெளிப்போர் உண்டு. அதிலும் இரும்பும் மாங்கனீசும்தான் இருக்கின்றன, பாதிப்பு இரட்டிப்பாகும். இதற்குத் தேவை சுண்ணாம்புச் சத்து. மண் அள்ளும் இரும்புச் சட்டி ஒன்று, அதாவது சுமார் 15 லிட்டர் கலவைக்கு, 45 கிராம் டோலமைட் தூள் கலந்து, ஈரப்படுத்தி, இரண்டு வாரம் குவித்து வைத்த பிறகு தொட்டிகளில் நிரப்ப வேண்டும். மண் பரிசோதனை நிலையத்தில் கலவையின் மாதிரியைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் டோலமைட் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இரண்டாவது, மண் எங்கிருந்து வருகிறது என்பது. உருளைக்கிழங்கு வயலின் மண்ணைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961ஆம் ஆண்டில் நீலகிரியில் கண்டறியப்பட்டது. கடுகை விடச் சிறிய அதன் கூடுகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஜெரேனியத்தை அது தாக்குவதில்லை. ஆனால் பயணியின் காரில் ஏறும் தொட்டி எந்த ஊரில் இறங்கும், அந்த மண் எந்தத் தோட்டத்தில் கொட்டப்படும் என்று விற்பவருக்குத் தெரியாது. ஒரு பிடி மண்ணில் இன்னொரு மலைக்காரரின் உருளைக்கிழங்கு வயலே கெட்டுவிடலாம். காய்கறி வயல்களில் வேர் முடிச்சு நூற்புழுவும் இருக்கும். அது ஜெரேனியத்தையும் தாக்கும். ஆகவே இதுவரை பயிர் செய்யாத மேட்டு மண்ணையே எடுக்க வேண்டும்.

நீர் விடும் முறை

வேர்விட்ட குச்சிகளை நவம்பரில் 4 அங்குலத் தொட்டிகளிலும், அவை வேரால் நிறைந்ததும் ஜனவரியில் 6 அங்குலத் தொட்டிகளிலும் மாற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். தொட்டியின் அடித் துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லு வைக்க வேண்டும்.

நாள் கணக்கு வைத்து நீர் விடுவது தவறு. பனிமூட்டமான வாரத்தில் ஒரு முறைகூடத் தேவைப்படாது. மார்ச் வெயிலில் நாள்தோறும் தேவைப்படலாம். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடலாம். பழகியவர்கள் தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையிலேயே சொல்லிவிடுவார்கள். விடும்போது அடித்துளை வழியே வெளியேறும் வரை விட வேண்டும். காலையில், இலையில் படாமல், மண்ணில் மட்டும் விட வேண்டும். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். மண் தொட்டியை விடப் பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். இரண்டையும் கலந்து அடுக்கி ஒரே கணக்கில் நீர் விட்டால் ஒன்று காயும், மற்றொன்று அழுகும்.

இலை வாடினால் உடனே நீர் ஊற்றுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். இந்தச் செடியில் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உலர்ந்த மண்ணில் வாடினால் தாகம். ஈர மண்ணில் வாடினால் வேர் அழுகல் அல்லது பாக்டீரியா நோய். அதற்கு நீர் ஊற்றுவது அழிவை விரைவுபடுத்தும். குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களில் கொடி ஜெரேனியத்தின் இலையடியில் தக்கை போன்ற சிறு கொப்புளங்கள் வருவதுண்டு. அது நோயன்று. நீரைக் குறைத்து, தொட்டிகளுக்கு இடைவெளி விட்டால் புதிய இலைகள் நலமாக வரும்.

பனிக்காலப் பாதுகாப்பும் நுனி கிள்ளுதலும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் பள்ளப் பகுதிகளில் தொட்டிகளை இரவில் திறந்த வெளியில் விடக் கூடாது. சதைப்பற்றுள்ள தண்டு ஒரே இரவில் வெந்தது போலாகிவிடும். ஒளி ஊடுருவும் பாலித்தீன் கூரையின் கீழ், பக்கங்களைப் பகலில் திறந்தும் இரவில் மூடியும் வைக்க வேண்டும். காலையில் திறக்க மறந்தால் உள்ளே ஈரம் கோத்துச் சாம்பல் பூசணம் வரும்.

டிசம்பரில் செடி 5 அங்குல உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி விட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டாம் முறை கிள்ளலாம். அதற்குப் பிறகு கிள்ளினால் சீசனுக்குப் பூ கிடைக்காது. கிள்ளிய பின் பூக்கப் பத்து வாரத்துக்கு மேலும் ஆகும். இடையில் வரும் மொட்டுகளை மார்ச் தொடக்கம் வரை அகற்றிவிட வேண்டும். பூவைக் கிள்ளி எறிய மனம் வராதுதான். ஆனால் மூன்று கொத்துப் பூத்த ஒல்லிச் செடியை விட, எட்டுக் கொத்து மொட்டுடன் பரந்து நிற்கும் செடிக்கே விலை.

இச்செடிக்குப் பகலில் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலில் இடைக்கணு நீண்டு, இலை பெருத்து, பூ குறையும். உரத்தில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. தொட்டி மாற்றி மூன்று வாரம் கழித்து, லிட்டருக்கு 2 கிராம் வீதம் 19:19:19 கரையும் உரத்தை 15 நாட்களுக்கு ஒரு முறை ஈர மண்ணில் ஊற்றலாம். மார்ச் முதல் சாம்பல்சத்து மிகுந்த 13:0:45 உரத்துக்கு மாறலாம். யூரியா வேண்டாம், தழைச்சத்து மிகுந்தால் இலைதான் மிஞ்சும்.

வாடிய பூங்கொத்துகளைக் காம்பின் அடியோடு ஒடித்து எடுக்க வேண்டும். உதிர்ந்த இதழ் ஈர இலையில் ஒட்டினால் சாம்பல் பூசணம் அங்கிருந்தே தொடங்கும். இலையடியில் வட்ட வட்டமாகப் பழுப்புப் பொடி தெரிந்தால் அது துருநோய். மண் புளிப்பால் வரும் துருநிறப் புள்ளியைத் தேய்த்தால் கையில் எதுவும் ஒட்டாது. துருநோயில் பழுப்புப் பொடி விரலில் ஒட்டும். நோயுற்ற இலைகளைப் பறித்து எரித்து, மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். இலை நனையாமல் பார்த்துக்கொண்டால் தெளிக்கும் தேவையே பெரும்பாலும் ஏற்படாது.

எத்தனை தொட்டிகள் வைக்கலாம்?

வளர்ந்த 6 அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் வேண்டும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 435 சதுர அடி. நடைபாதைக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் 290 தொட்டிகள் வைக்கலாம். நெருக்கி 400 வைத்தால் காற்றோட்டம் கெட்டு நோய் பரவும். 290 தொட்டிகளுக்கு, கழிவு போக, 400 குச்சிகள் நட வேண்டும். தாய்ச்செடி ஒன்றுக்குப் பத்துக் குச்சி வீதம் 40 தாய்ச்செடிகள் போதும்.

ஆனால் முதல் ஆண்டிலேயே 290க்குப் போக வேண்டியதில்லை. 2020, 2021 ஆண்டுகளின் கோடையில் கொரோனா கட்டுப்பாடுகளால் மலைகளில் சீசன் வியாபாரம் படுத்தது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை தொடங்கியது. சாலையோரம் வந்து நிற்கும் கார்களை மட்டும் நம்பி முதல் போடுவது சரியன்று. விடுதிகள், தேயிலைத் தோட்டப் பங்களாக்கள், நாற்றுப் பண்ணைகள் ஆகியவற்றில் டிசம்பரிலேயே பேசி, பாதித் தொட்டிகளுக்காவது வாங்குவோரை உறுதி செய்துகொண்டு மிச்சத்தைச் சீசனுக்கு வைக்கலாம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் செடியைக் காத்து, செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனுக்குப் பூக்க வைப்பது நல்ல கூரை உள்ளவர்களுக்கு மட்டுமே முடியும்.

வாங்குவோரில் பலர் சமவெளிக்காரர்கள். சென்னையிலோ மதுரையிலோ மே மாத வெயிலில் வைத்து, நாள்தோறும் இரு வேளை நீர் ஊற்றினால் செடி ஒரு மாதம் தாங்காது. கோவைக்கும் ஓசூருக்கும் வளைய ஜெரேனியம் ஓரளவு ஒத்துப்போகும். அங்கும் கோடையில் பிற்பகல் நிழல் வேண்டும். ரீகல் வகையைச் சமவெளிக்கு எடுத்துச் செல்வோரிடம் மறு ஆண்டு பூக்காது என்று சொல்லியே விற்க வேண்டும். “காலை வெயில் மட்டும் போதும், மண் உலர்ந்த பிறகு நீர் விடவும், தட்டில் நீர் தேங்கக் கூடாது” என்று ஒரு சிறு சீட்டில் அச்சிட்டுத் தொட்டியில் செருகிக் கொடுத்தால் செலவு சில காசுகளே. சீட்டோடு வாங்கியவர் மறு ஆண்டு தேடி வருவார். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. ஆகவே தொட்டிகளை நிறுத்திவைக்கும் அளவில் பழைய அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சீசனில் விற்காமல் நின்ற செடிகளில் நலமானவற்றை மே மாத இறுதியில் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு, மழைக்கு முன் கூரைக்குள் கொண்டுவந்து, நீரைக் குறைத்து வைத்தால் அவையே அக்டோபருக்குத் தாய்ச்செடிகள். கோடை வெயிலில் ஒரு கிளையாவது ஈர மண்ணில் வாடிய செடி எதையும், எவ்வளவு அழகிய நிறமானாலும், இந்த வரிசையில் வைக்கலாகாது. காலியான தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும்.